ரெண்டு தரத்தோடு நிறுத்தியவர்

பூட்டு சாவியைப் போட்டதும் திறந்துகொண்டது. அப்பா இருந்தவரை அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டாமல் யாரும் வீட்டுக்குள் போனதில்லை. வீட்டை விற்றுவிட்ட விஷயம் பூட்டுக்கும் தெரிந்துபோச்சு போல என்று தம்பி சொன்னான். மூத்தவள் சிரிப்பதற்குப் பதிலாகத் தலையை மட்டும் ஆட்டினாள். தொண்டையை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

மதியம்தான். ஆனால் மழை விடாப்பிடியாகப் பெய்துகொண்டிருந்ததால் முன்னறையில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் வீட்டை வாங்கியவரிடம் சாவியை ஒப்படைக்க வேண்டும். பெரிய சாமான்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் அப்பாவின் அறை மட்டும். அதை இருவரும் ஏதேதோ சாக்குச் சொல்லி இத்தனை மாதம் தள்ளிப்போட்டிருந்தார்கள். இன்றும் தம்பி தப்பித்துக்கொண்டான். "நீ உள்ள பாருக்கா, நான் ஒரு சின்ன வேலைய முடிச்சிட்டு வந்துடறேன்" என்று முன்னறை மேசையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்துவிட்டான். கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கு இது ஒரு வசதி. திரையை முறைத்துக்கொண்டிருந்தால் போதும், வேலை செய்கிறார்கள் என்று உலகமே நம்பிவிடும்.

மூத்தவளுக்கோ வேலை குரலில் இருந்தது. பெரிய பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்கிற அறிவிப்பாளர் அவள். அந்தக் குரல் கொஞ்ச காலமாகக் கம்மிக்கொண்டே வந்தது. முதலில் சளி என்றாள். பிறகு தூசி என்றாள். கடைசியில் டாக்டர் தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்து, ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஒரு கம்மலில். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தபடியே அவள் அறைக் கதவைத் தள்ளினாள்.

மருந்து வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. ஒரு கட்டில், சுவரோரம் இரும்பு அலமாரி, கட்டிலைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியில் அப்பா யாரையும் உட்காரவிட்டதில்லை. பார்க்க வந்தவர்கள் கட்டிலில் அவர் காலடியில்தான் உட்கார வேண்டும். வயதானால் வருகிற பிடிவாதம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அவர் மொத்த மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். ஒலிபெருக்கி வந்த பிறகும் அதைக் கையால் தொட்டதில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி உள்ளங்கையால் பலகையில் ஓங்கி ஓர் அறை வைத்தால் கடைசி மூட்டைக்காரனுக்கும் கேட்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ரெண்டு தரம் சொன்னதும் வாங்குகிறவன் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். அந்த முகம் பிடிக்காவிட்டால் வாயை இறுக மூடிக்கொள்வார். அவ்வளவுதான். மூன்றாவது தரம் சொல்லாத சரக்கு கை மாறாது. எவ்வளவு பெரிய புள்ளி கத்தினாலும், கெஞ்சினாலும், ரெண்டு தரத்தோடு நின்றது நின்றதுதான். அவர் முதுகுக்குப் பின்னால் அதை 'ஏலக்காரர் பூட்டு' என்றே சொன்னார்கள்.

அந்தத் தொண்டையைத்தான் அறுத்தெடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டையோடு வீட்டுக்கு வந்தவருக்குத் தம்பி விலை உயர்ந்த டேப்லெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். விரலால் தட்டினால் அதுவே பேசும். அப்பா ஒரே ஒரு நாள் அதைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் அது தலையணைக்கு அடியில் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு வேண்டும் என்று கையால் காட்டினார். வாங்கிக் கொடுத்ததும் முதல் பக்கத்தில் எழுதியது இது: "அதுல அழிச்சா அழிச்சதே தெரியல. பேசினா பேசினதாத்தான் இருக்கணும்."

அலமாரியில் அந்த நோட்டுகள் அடுக்காக இருந்தன. மூத்தவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மேலே இருந்ததை எடுத்தாள்.

விசித்திரமான நோட்டுகள் அவை. மற்றவர்கள் வாயால் பேசினார்கள், அப்பா மட்டும் எழுதினார். அதனால் எல்லாப் பக்கங்களிலும் பாதிப் பேச்சுத்தான் இருந்தது.

"பசிக்கல."

"நெஜமாவே பசிக்கல."

"உப்பு கம்மி."

பசிக்காத ஆளுக்கு உப்பு மட்டும் எப்படித் தெரிந்ததாம் என்று அன்று கேட்டதையே இப்போதும் மெல்லக் கேட்டாள். அடுத்த வரியில் பதில் இருந்தது: "வாய் போச்சு, நாக்கு போகல." அவள் சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியது. பக்கத்தைத் திருப்பி அதன் முதுகை விரலால் தடவினாள். அப்பா அழுத்தி எழுதுவார். கோபம் வந்தால் எழுத்து மறுபக்கம் புடைத்துக்கொள்ளும். கை ஓய்ந்த நாட்களில் தாள் வழுவழுவென்று இருக்கும். படிக்காமலே விரலால் அவருடைய அன்றைய மனநிலையைச் சொல்லிவிடலாம்.

போன வாரமே தம்பி வந்து ஒரு பக்கம் விடாமல் போனில் படம் எடுத்துப் போயிருந்தான். காகிதத்தைக் கரையான் தின்னும், இதைத் தின்னாது என்பது அவன் கட்சி. மை கலைந்த இடம், எழுதாமல் விட்ட இடம் எல்லாவற்றையும் புரோகிராமே நிரப்பிக்கொள்ளுமாம். சாயங்காலம் உனக்கு ஒன்று காட்டுகிறேன் பார் என்று வழியெல்லாம் பீடிகை போட்டுக்கொண்டே வந்தான். இந்தப் புடைப்பை எப்படிடா படம் எடுப்பாய் என்று அவள் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான்.

ஒரு நோட்டு, இன்னொரு நோட்டு என்று போய்க்கொண்டிருந்தது. அவள் கேள்வியைச் சொல்வாள், அப்பா அடுத்த வரியில் பதில் சொல்வார். வெளியே மழை. செத்துப்போனவரோடு இப்படி உட்கார்ந்து பேச முடிவது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அப்போதுதான் எந்தக் கேள்வியும் பொருந்தாத ஒரு வரி வந்தது.

"அந்த நாற்காலியிலேயே உக்காரு. கட்டில் பக்கம் வராதே."

யாரிடம் இப்படிச் சொன்னார்? நர்ஸிடமா? நர்ஸை அவர் வாங்க போங்க என்றுதான் எழுதுவார். அந்த நாற்காலியில் யாருமே உட்கார்ந்ததில்லையே. மூத்தவள் வரியின் முதுகைத் தடவினாள். தாள் கிழிகிற அளவுக்குப் புடைத்திருந்தது.

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சாயங்காலங்களில் கதவை ஒருக்களித்துவிட்டு அப்பா எதையோ எழுதிக்கொண்டிருப்பார். அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எழுதுவார், நிமிர்ந்து பார்ப்பார், காத்திருப்பார், மறுபடி எழுதுவார். அவள் உள்ளே போனால் முழங்கையால் பக்கத்தை மறைத்துக்கொள்வார். பொழுதுபோகாமல் பழைய கதையை எழுதுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது அந்த வரிகளை மட்டும் தேடினாள். உப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே அவை பதுங்கிக் கிடந்தன.

"என் குரலத்தான் எடுத்துட்டியே. இன்னும் என்ன?"

கொஞ்சம் தள்ளி:

"வேண்டாம். அவ என் பொண்ணு. என் தூக்கத்த எடுத்துக்கோ."

அப்பா தூங்காமல் போன மாதம் அது. மாத்திரையை இரண்டு மடங்காக்கியும் இமை ஒட்டவில்லை, கொட்டக் கொட்ட விழித்தபடி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அதுக்கும் மேலயா? சரி. பசி."

பசி போனது.

"இடது கால்."

ஒரு காலையில் இடது கால் மரத்துப்போய், அப்படியே செத்துவிட்டது. எத்தனையோ படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"வலது கை மட்டும் தர மாட்டேன். அது போனா உன்கிட்ட எப்படிப் பேசறது? ஒரு கண்ண எடுத்துக்கோ."

"எத்தன தடவ கேட்டாலும் இதேதான். என் பொண்ணு குரலுக்கு நான் தரம் சொல்ல மாட்டேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். யாரோ அவளுடைய குரலுக்கு விலை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் தன் உடம்பிலிருந்து ஒன்றை வைத்து, அதற்கு மேல் விலை சொல்லித் தடுத்திருக்கிறார். நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று ஊரெல்லாம் சொன்னது. நோயாவது ஒன்றாவது. அவர் தன்னையே துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் வேறொரு வாசனை வந்தது.

ஈரச் சாக்கு. மிதிபட்டு அழுகின இலை. மார்க்கெட் கலைந்த பிறகு மிஞ்சுகிற வாசனை.

அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே கடைசி நோட்டை எடுத்தாள்.

அதில் எழுத்து பெரிசு பெரிசாக, கோட்டை விட்டு இறங்கி ஓடியது. ஒற்றைக் கண்ணால் எழுதியது. பாதி நோட்டில் உப்பும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் பதில்.

"இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"உயிரா? அது எப்படியும் இன்னிக்கோ நாளைக்கோ. அதுக்கு யாரு வெல தருவாங்க?"

"தெரியும். நான் சொன்னாத்தான் கை மாறும். அதுக்குத்தான இத்தன நாளா உக்காந்திருக்க."

"சரி. சொல்றேன்."

அடுத்த பக்கத்தில் ஒரே வரி.

"ஒரு தரம்."

அதற்கடுத்த பக்கத்தில்:

"ரெண்டு தரம்."

பிறகு எல்லாம் வெற்றுத் தாள். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள், முதுகைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. அப்பா இறந்தபோது பேனா கையிலேயே இருந்தது, வாய் இறுக மூடியிருந்தது. வலி தாங்காமல் பல்லைக் கடித்திருக்கிறார் என்றார் நர்ஸ். வலியில்லை. வாங்க வந்தவன் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார், வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஏலக்காரர் பூட்டு.

மூத்தவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஆகவே தன் குரல் இன்னும் நடுவில் நிற்கிறது. அப்பாவிடமும் இல்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. கம்மிப்போய், யாருடையதும் இல்லாமல், தன் தொண்டையிலேயே நிற்கிறது. நிற்கட்டும். மூணு தரம் சொல்ல ஆள் இல்லாதவரை நிற்கட்டும்.

போன் அடித்தது. அவள் தூக்கிவாரிப்போட எழுந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து. பெயரைச் சரிபார்த்துக்கொண்டு அந்தப் பெண் சாவகாசமாகச் சொன்னாள். பரிசோதனையில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது, வெறும் அயர்ச்சிதான், பயப்பட வேண்டாம், கொஞ்ச நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். மூத்தவள் ரொம்ப நன்றிம்மா என்றாள். சொன்ன பிறகுதான் கவனித்தாள். குரல் தெளிவாக வந்திருந்தது. கம்மல் இல்லை. பஸ் நிலையத்தில் எல்லா நடைமேடைக்கும் கேட்கிற அதே குரல்.

சாக்கு வாசனைகூடக் குறைந்தது போலிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா ஜெயித்துவிட்டார். இதைத் தம்பியிடம் உடனே சொல்ல வேண்டும், நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் போகட்டும். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

முன்னறையிலிருந்து அப்பா பேசினார்.

"பசிக்கல."

அவள் கால்கள் நின்றுவிட்டன.

"நெஜமாவே பசிக்கல. உப்பு கம்மி."

அப்பாவின் குரல்தான். அறுத்தெடுப்பதற்கு முன்பிருந்த, பலகை அதிரும் குரல். கூடவே தம்பியின் உற்சாகமும் கேட்டது. "அக்கா, வந்து கேளேன். மார்க்கெட்ல அந்தக் காலத்துல எடுத்த ஏல ரெக்கார்டிங் மொத்தத்தையும் தேடிப் புடிச்சுப் போட்டேன். நோட்டுல எழுதினத அப்பாவே படிக்கிறாரு பாரு." ஏதோ தட்டினான். "இரு, கடைசிப் பக்கத்துக்குப் போறேன்."

"வேண்டாம்டா. நிறுத்து." அவள் ஓடினாள். அந்தச் சின்ன நடை அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

"ஒரு தரம்" என்றார் அப்பா.

தம்பி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு தரம்."

அவள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். ஒலிபெருக்கி மௌனமானது. மழைச் சத்தம் மட்டும். அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. நோட்டில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அப்பா அவ்வளவுதான் எழுதினார். எழுதாததை எந்த மெஷினும் படிக்க முடியாது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூடும்முன் திரையில் ஒரு சின்ன வட்டம் சுழல்வதைப் பார்த்தாள்.

விட்டுப்போனதை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

அந்த ரெக்கார்டிங்குகளில் ரெண்டு தரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் என்ன வரும் என்று அதற்குத் தெரியும். வாங்குகிறவன் முகத்தைப் பார்க்க அதற்குத் தெரியாது.

"மூணு தரம்."

உள்ளே, யாருமில்லாத அறையில், ஒரு உள்ளங்கை ஓங்கிப் பலகையில் அறைந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பெருமை. "எப்படி? அப்படியே அப்பா இல்ல? அந்த அடியக்கூட விடாமப் புடிச்சிடுச்சு பாத்தியா?" அந்தச் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததாகவே அவன் நினைத்தான். அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தாள். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, தொண்டையில் வலிகூட இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. சாமான்களை எடுத்துப்போன அறை மாதிரி காலியாக இருந்தது.

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்து எழுந்து வந்து தோளைப் பிடித்தான். தண்ணீர் கொடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஒன்றும் இல்லை என்று இப்போதுதானே சொன்னோம் என்றார்கள் அவர்கள். அவன் அந்தப் போனையே, இதில் தட்டுக்கா என்று நீட்டினான். அவள் தலையசைத்து மறுத்தாள். கையில் இருந்த நோட்டை மேசையில் விரித்து, ரெண்டு தரத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தை எடுத்து, பேனா கேட்டுக் கையை நீட்டினாள்.

"என்னக்கா ஆச்சு? வலிக்குதா?"

"வலிக்கல" என்று எழுதினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போய் பிரயோஜனம் இல்ல."

அவன் அவளுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தான். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டிருந்தது. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாக்கா?"

அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "இல்லடா" என்று எழுதினாள். அது ஒன்றுதான் அவளால் இனி அவனுக்குச் செய்ய முடிந்த உபகாரம்.

உள்ளறையில் மர நாற்காலி தரையில் இழுபட்டது. மெதுவாக, நடைவழியாக, முன்னறை வாசல்வரை. தம்பி திரும்பவில்லை. அவனுக்கு அது கேட்கவே இல்லை. ஈரச் சாக்கின் வாசனை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. யாரோ உட்கார்ந்து, மிகவும் மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டார்கள்.

அவள் பேனாவைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. தாள் மறுபக்கம் புடைக்கப் புடைக்க எழுதினாள். தம்பி எட்டிப் பார்த்தான். யாருக்கு எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை.

"வேண்டாம். அவன் என் தம்பி. என் தூக்கத்த எடுத்துக்கோ."